வாசலில் நின்ற வெள்ளை வேட்டி

குப்பண்ணனுக்கு மாத்திரை போட்டால்தான் கால் நடக்கும். பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது வருஷமாகிறது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை. வேளை தப்பினால் தென்னந்தோப்பு நடுவில் பாதம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்; யாராவது வந்து கூட்டிப்போகும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அதே மாத்திரை போன வருஷத்திலிருந்து ஒரு வேண்டாத வேலையும் செய்தது. இல்லாத ஆட்களைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது. எல்லாம் வெள்ளை வேட்டிக்காரர்கள். சில நாள் தெரிந்த முகம். செத்துப்போன பங்காளிகூட ஒருதரம் வந்தார். யாரும் வாய் திறப்பதில்லை, வம்புக்கும் வருவதில்லை.

முதல் தடவை, "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். சொம்புத் தண்ணீரோடு வந்த மனைவி நாச்சம்மாள் வெறும் வாசலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தூக்கக் கலக்கம் என்று சமாளித்தார்.

கோயமுத்தூர் டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று. தெரிந்தால் மாத்திரையைக் குறைக்க வேண்டிவரும் என்றும் சொல்லியிருந்தார். குறைத்தால் கால் போச்சு. பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன் அந்த ஒரு பொய்யை மட்டும் சுத்தமாகச் சொல்லப் பழகிக்கொண்டார்.

தனக்கென்று ஒரு கணக்கும் வைத்துக்கொண்டார். பேசினால் ஆள், பேசாவிட்டால் மாத்திரை.

கணக்கில் ஓட்டை இருந்தது. அவர்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாசலில் வந்து நிற்பவர் முதலில் பேச மாட்டார். வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்ல வேண்டும். அது காதில் விழாமல் படியேறினால் மானம் போய்விடும். குப்பண்ணனுக்கு இது தெரியாதா என்ன? இப்போதெல்லாம் எல்லோரும் போன் பண்ணிவிட்டுத்தானே வருகிறார்கள் என்று அசட்டையாக இருந்துவிட்டார்.

மகள் வனிதாவின் மாமனார் மோகனசுந்தரம் போன் பண்ணாமல் வந்தார். புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நேரில் அழைப்பதுதான் மரியாதை என்று நினைப்பவர். நாச்சம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வெள்ளை வேட்டி வாசலில் நின்றது; பேசவில்லை. குப்பண்ணன் அந்த முகத்தை நேராகப் பார்த்தார். இன்றைக்குச் சம்பந்தி வேஷமா என்று நினைத்துக்கொண்டு, தோப்பில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார்.

சாயங்காலம் வனிதா போனில் அழுதாள். "ஏனுங்கப்பா, மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிட்டீங்களாமா? இனி அந்தூட்டு வாசல மிதிக்க மாட்டேங்கறாருங்க."

குப்பண்ணனுக்கு ராத்திரி பூராவும் தூக்கமில்லை. உண்மையைச் சொன்னால் கால் போகும். சொல்லாவிட்டால் மகள் அந்த வீட்டில் தினமும் தலைகுனிந்து வளைய வருவாள்.

மறுநாள் நாச்சம்மாளோடு சம்பந்தியின் ஊரான வேலந்தாவளம் போனார். கோபத்திலும் முறை தவறாத மோகனசுந்தரம், சுவரைப் பார்த்தபடி "வாங்க" என்றார்.

"சம்பந்தி, நேத்து நீங்க நெசம்னு நான் நெனைக்கலீங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பங்காளி வந்தது, டாக்டரிடம் மறைத்தது, ஒன்றையும் விடவில்லை. கதவோரம் வனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். மோகனசுந்தரம் சுவரிலிருந்து பார்வையை எடுத்து அவர் பக்கம் திரும்பினார்.

நாச்சம்மாள்தான் கேட்டாள். "இத்தன நாளா என்றகிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

டாக்டரிடம் அவளே சொன்னாள். மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெள்ளை வேட்டிகள் குறைந்தன, அடியோடு ஒழியவில்லை. அவர் பயந்தபடியே காலும் இறுகியது. மேற்கு வரப்புவரை போய் வந்தவர் வாசல் வேப்பமரத்தோடு நின்றுகொண்டார். அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள், கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு வெள்ளை வேட்டி. மோகனசுந்தரத்தின் முகம். அழைக்கலாமா, இதுவும் மாத்திரைதானா? வாயெடுக்கத் தயங்கினார்.

அந்த உருவம் தொண்டையைச் செருமியது.

"சம்பந்தி, நான் மோகனசுந்தரமுங்க. நெசமாத்தான் வந்திருக்கறேன்."

அறுபத்தேழு வயதுவரை, அழைக்காத வாசலில் வாய் திறந்தே அறியாத மனுஷன். குப்பண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நிற்கப் பார்த்தார், கால் வரவில்லை. உட்கார்ந்தபடியே, தோப்பு முழுக்கக் கேட்கும்படி "வாங்க" என்றார்.