அணியத்து வளையம்

காலையிலிருந்து பதினொரு தடவை கரைக்குப் போய் வந்துவிட்டேன். எண்ணியது நான் இல்லை, என் மனைவி அஞ்சம்மாள்.

"இன்னாய்யா, குந்துன எடத்துல குந்த மாட்டியா? பாக்கறதுக்கே பேஜாரா கீது."

"காத்து எப்பிடி கீதுன்னு பாக்கறேன்."

"காத்த ஊட்லருந்தே பாக்கலாமே."

சுள்ளென்று ஏதோ திட்டிவிட்டு மறுபடியும் வெளியே வந்தேன். அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுடைய ஒரே தம்பி திருமலை, நான் செய்த படகில் உட்கார்ந்து முகத்துவாரத்துக்குப் போயிருக்கிறான். அந்தப் படகில் ஒரு தப்பு இருக்கிறது. தெரிந்தே செய்த தப்பு.

எங்கள் முதலாளி பரசுராமன் எழுபத்திரண்டாம் வருஷம் எஞ்சின் வைத்த லாஞ்சு ஒன்று வாங்கினார். பழவேற்காட்டு ஏரிச் சேற்றில் அது கரை வரைக்கும் வராது, ஆழத்தில்தான் நிற்கும். ஆளையும் வலையையும் ஏற்றி இறக்கச் சின்னப் படகு ஒன்று செய்து தரச் சொன்னார்.

"லாஞ்சு பின்னாடி கட்டி இழுத்துக்கினு போவணும், துலுக்காணம். கரையில தேச்சி இழுத்தாலும் ஒண்ணும் ஆவக் கூடாது."

சும்மா சொல்லவில்லை, பார்த்துப் பார்த்துச் செய்தேன். கிளிஞ்சல் அடியை அறுத்துவிடும் என்று அடிப்பலகைக்குக் கீழே இரண்டு வேங்கைச் சட்டம் கொடுத்தேன்; தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம். உப்புத் தண்ணீரில் இரும்பாணி இற்றுப்போகும், அதனால் எல்லாம் செப்பாணி. லாஞ்சில் இடித்தால் தாங்க, விளிம்பைச் சுற்றிலும் கை பருமனுக்குத் தேங்காய்நார்க் கயிறு. உட்காரும் பலகைகளுக்கு அடியில் காற்றுப் பெட்டி, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி இடுக்கெல்லாம் அடைத்தது. படகு நிறையத் தண்ணீர் வந்தாலும் முழுகாது.

அந்தப் பெட்டிக்கு மூடி வைத்தால் சோற்றுச் சட்டி வைக்கலாமே என்றார் பரசுராமன். மூடி வழியாகத் தண்ணீர் புகும், மூடிதான் வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று உளியைத் தூக்கிப் போட்டேன். அவர் மூடி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். முதலாளியிடமே அப்படிப் பேசியவன்தான் நான்.

கடைசியில் இழுவைக் கயிறு கட்டும் வளையம். கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் சொல்லிச் செய்த கெட்டி வளையம். படகின் மூக்கை அணியம் என்போம். அதில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே துளை போடத் தமரைத் திருகப் போனேன். பரசுராமனின் தாயார் லட்சுமியம்மாள் ஓடி வந்து கையைப் பிடித்தார். அதே இடத்தில் அன்று காலையில்தான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்.

"அம்மன் குந்துற எடம்டா. அங்க போயி இரும்ப குத்துவியா? கொஞ்சம் மேல போட்டா இன்னா?"

கீழே கட்டி இழுத்தால் மூக்கு நிமிரும், மேலே கட்டி இழுத்தால் குனியும். அது எனக்குத் தெரியாதா? ஆனால் தாய் இல்லாத எனக்குக் கல்யாணத்தில் தாயாக நின்றவர் அந்தம்மா. "ஆவட்டும்மா" என்றேன். ஒரு முழம் மேலே போட்டேன்.

இழுத்துப் போகும் படகு அலையில் புரளாமல் துடுப்பால் பிடிக்க ஓர் ஆள் அதில் உட்காருவது எங்கள் வழக்கம். படகை முதல் தடவையாக இழுத்துப் போன அன்று விடியற்காலை, அந்த ஆள் திருமலை.

பன்னிரண்டாவது தடவை போனபோது தென்காற்று எழும்பியிருந்தது. தூரத்தில் லாஞ்சு தெரிந்தது. பின்னால் படகு இல்லை. எனக்குப் பின்னாலேயே அஞ்சம்மாளும் லட்சுமியம்மாளும் வந்து நின்றார்கள்.

"படகு எங்கய்யா? எந்தம்பி எங்க?" அஞ்சம்மாள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

லாஞ்சு திரும்பியதும்தான் தெரிந்தது, படகை மறுபக்கத்தில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விளிம்பு வரை தண்ணீர். லாஞ்சின் மேல்தட்டில் திருமலை ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு தோணிக்காரன் போய் அவனைக் கொண்டுவந்தான். படகை நாலு பேர் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி நிமிர்த்தினார்கள்.

"முகத்துவாரத்துல எஞ்சின வேகமா உட்டாங்க, மாமா" என்றான் திருமலை. "அணியம் அப்பிடியே தண்ணிக்குள்ள பூந்துச்சி. கால்ல கயிறு வேற சுத்திக்கிச்சி. படகு முழுகியிருந்தா நானும் பூட்டிருப்பேன். மாரு வரிக்கும் தண்ணி, ஆனா முழுகல."

லட்சுமியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியாடா துலுக்காணம்? அந்த எடத்துல இரும்பு படல. அதான் அம்மன் உட்டுக்குடுக்கல."

அஞ்சம்மாளும் அழுதுகொண்டே அணியத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். வாயை மூடிக்கொண்டு நானும் கும்பிட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அப்படிச் செய்யத்தான் கையும் பாதி எழுந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக வந்தது.

"அம்மன் காப்பாத்திச்சோ இல்லியோ, இவன தண்ணில தள்ளுனது நானும்மா" என்றேன். "வளையம் மேல இருந்தா மூக்கு முழுகும். தெரிஞ்சேதான் போட்டேன்."

அஞ்சம்மாளின் அழுகை நின்றுவிட்டது.

தமரை எடுத்து வந்து அணியத்துக்கு எதிரில் மண்டியிட்டேன். பாதி கரைந்த குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. லட்சுமியம்மாள் என் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதாடா?"

"அந்தக் கொஞ்சந்தாம்மா இவன முழுங்கப் பாத்துது."

குங்குமத்தின் மேல் முனையை வைத்துத் திருகினேன். படகு ஆடியதில் தமர் நழுவி நழுவிப் போனது. அஞ்சம்மாள் வந்து குனிந்து, படகு ஆடாமல் இரண்டு கையாலும் அணியத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போடு" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.