மூடிக்கு மேல் ஒட்டிய பெயர்

கல்லூரிப் போட்டிக்காக நாங்கள் செய்த சூரிய சக்தி வண்டிக்குள் உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும். முதுகு தரையோடு ஒட்டியிருக்க வேண்டும், முட்டி மடங்கியிருக்க வேண்டும், தாடை நெஞ்சில் இடிக்கும். அப்படிப் படுத்துக்கொண்டு ஸ்டீயரிங்கையும் திருப்பக்கூடிய உடம்பு எங்கள் கூட்டத்தில் என்னுடையது ஒன்றுதான். அதனால்தான் நான் ஓட்டுநர் ஆனேன். திறமையால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டுநருக்கு இவ்வளவு எடை என்று போட்டியில் ஒரு விதி இருக்கிறது, குறைந்தால் மணல் மூட்டை வைக்க வேண்டும். அம்மா தொண்டை கிழியக் கத்தியும் என் உடம்பில் ஏறாத எடையை, இடுப்புக்கு இரண்டு பக்கமும் வைத்த மூட்டைகள் சரிக்கட்டின. பட்டறையில் எனக்குப் பெயர் குச்சி.

கேப்டன் என் அண்ணன். கூடப் பிறந்தவன்தான், காலையில் பாத்ரூமுக்கு அடித்துக்கொள்கிற ஒரே வீட்டு அண்ணன். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவனுக்குக் கடைசி வருஷம். “அண்ணன் கூட இருக்கான்ல, அப்புறம் என்ன?” என்று சொல்லித்தான் அம்மா என்னை இந்த வண்டியில் ஏறவே விட்டாள்.

அன்றைக்கு எங்களுக்குப் பேட்டரிப் பணம் கிடைக்க வேண்டிய நாள். பழைய பேட்டரி பட்டறையைச் சுற்றி வரத் தாங்கும், போட்டிக்குத் தாங்காது. புதுசு இல்லையென்றால் பெயர் கொடுத்ததே வீண். அண்ணன் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம் என்று இருந்தபோது ஒரு பெயிண்ட் கம்பெனி முதலாளியம்மா சரி என்றார். சூரிய வண்டியை நிழலிலா காட்டுவது? பட்டறை வாசலில், உச்சி வெயிலில் ஏற்பாடு. மேடம் பேசுவார். வண்டியின் வெளிப்பக்கம் இருக்கும், மின்சாரத்தை இயக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். உடனே நான் ஒரு வட்டம் ஓட்டிக் காட்டுவேன். அவர் காசோலையை நீட்டுவார்.

அவர் வருவதற்கு முன்பே என்னை ஹெல்மெட்டோடு படுக்க வைத்து, பெல்ட் போட்டு, மேலே மூடியை இறக்கினார்கள். கண்ணுக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அவ்வளவுதான் எனக்கு உலகம். மேலே யாரோ துணியால் தேய்க்கிற சத்தம் கேட்டது. துடைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“ஓரம்கூடத் தெரியாம ஒட்டிட்டேன் கேப்டன்!” என்று பசை பீற்றிக்கொண்டான். ஒட்டுகிற வேலை எல்லாம் அவனுடையது, அதனால் அவன் பசை. எதை ஒட்டினான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மேடம் வந்தார். அண்ணன் மரியாதைக்காகத் என்னோடு பேசுகிற வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றான். மேடம் பேச ஆரம்பித்தார். அவர் கணவர் முதல் டப்பாவை எப்படித் தலையில் சுமந்து விற்றார் என்பதில் தொடங்கினார். இரண்டாவது டப்பாவுக்கு வருவதற்குள் என் கையுறை நனைந்துவிட்டது. எனக்குக் காற்று தரும் ஃபேன், அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். அதை அழுத்துகிற கௌரவம் மேடத்துக்கு.

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை மடக்க இடமில்லை. மூச்சு சூடாக வந்து சூடாகவே திரும்பியது. சரி, மூடியை ஒரு விரல் அளவு தூக்கிக் கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று உள்தாழ்ப்பாளை விடுவித்து, உள்ளங்கையால் தள்ளினேன்.

மூடி அசையவில்லை.

மறுபடி தள்ளினேன். மயிரிழை தூக்கியது, இழுத்துப் பிடித்தது போல நின்றுவிட்டது. அந்த இடுக்கில் பளபளவென்று நீல நிறம் தெரிந்தது. கம்பெனியின் நிறம். வண்டி மூக்கிலிருந்து மூடி வரை, இணைப்புக்கு மேலேயே, கம்பெனிப் பெயரை ஒரே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறார்கள். இருபது பேர் இருக்கிற குழு, அத்தனையும் இன்ஜினியர் ஆகப்போகிற மூளை. உள்ளே இருக்கிறவள் எப்படி வெளியே வருவாள் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

எனக்குப் பயம் வந்தது. ஹார்னை அழுத்தினேன். அதற்கு மட்டும் தனியாகச் சின்ன பேட்டரி உண்டு.

“பார்த்தீங்களா, என்னைவிட வண்டிக்குத்தான் அவசரம்!” என்றார் மேடம். எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டல் வேறு.

இரண்டாம் முறை அழுத்திப் பிடித்தேன். அண்ணன் திரும்பினான். நான் மூடியை முட்டினேன். அது மயிரிழை எழும்பி, ஸ்டிக்கர் இழுத்து, பழைய இடத்துக்கே வந்தது. அவன் கண் அந்த இடத்துக்குப் போனதை நான் பார்த்தேன். புரிந்ததையும் பார்த்தேன். ஒரு அடி எடுத்து வைத்தான். பிறகு மேடத்தைப் பார்த்தான், அவர் கையிலிருந்த காசோலை உறையைப் பார்த்தான். நின்றுவிட்டான். யாருக்கும் தெரியாமல் இடுப்போரமாக உள்ளங்கையை என் பக்கம் காட்டினான். பொறு என்று.

வெயில்கூடப் பெரிதாகத் தெரியவில்லை, அந்தக் கைதான் தெரிந்தது. மூன்றாம் முறை ஹார்னை அழுத்தினேன். அவன் திரும்பவே இல்லை.

இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பெல்ட்டைக் கழற்றினேன். அதன் நுனியிலிருந்த இரும்பு நாக்கைப் பிடித்து, தலையால் மூடியை முட்டி, கிடைத்த இடுக்கில் குத்தினேன். வழுக்கியது. மறுபடி குத்தினேன். கண்ணுக்கு முன் பூச்சி பறந்தது. ஸ்டிக்கர் ஒரு ஓரத்தில் கிழிந்தது. அதற்குள் விரலை விட்டு இழுத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினேன். பெயர் சர்ரென்று இரண்டாகக் கிழிந்து மூடி திறந்தது.

தரையில் உருண்டு விழுந்தேன். மேடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அண்ணன் முந்திக்கொண்டான். “மேடம், இதுதான் எங்க அவசர வெளியேற்றச் சோதனை. ஆபத்துன்னா ஓட்டுநர் யார் உதவியும் இல்லாம வெளிய வரணும். அதத்தான் இப்ப பார்த்தீங்க.”

கைதட்டல் பட்டறைக் கூரை வரை போனது. பொய் சொல்வதற்கும் ஒரு வேகம் வேண்டும், என் அண்ணனிடம் அது இருந்தது. மேடம் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். “பிரமாதம்மா!” என்றார். அவரோடு வந்திருந்த புகைப்படக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். “எனக்குச் சரியா விழல. இன்னொரு தடவ பண்ணச் சொல்லுங்களேன். கம்பெனி பேர் முழுசா இருந்தா நல்லா இருக்கும்.”

“இன்னொன்னு கைவசம் இருக்கு, ஒட்டிடறேன்,” என்றான் பசை. பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது.

அண்ணன் குனிந்தான். “குச்சி, ஒரே ஒரு தடவ. பேட்டரியை நினைச்சுக்கோ.”

எழுந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி அவன் நெஞ்சில் வைத்தேன்.

“இந்தத் தடவ நீ ஏறு.”

“என்னடி?”

“ஓட்ட வேணாம்ல, படுத்தா போதும். நீ படு. பசை ஒட்டட்டும். நீ வெளிய வா, அவர் படம் எடுக்கட்டும்.”

அவன் வண்டிக்குள் பார்த்தான். சீட்டில் என் வியர்வை தேங்கியிருந்தது. பசை புது ஸ்டிக்கரின் பின்தாளை உரித்துக்கொண்டு தயாராக நின்றான்.

“விளையாடறியா? அத ஒட்டிட்டா உள்ளேருந்து திறக்காது. நான் எப்படி வெளிய வர்றது?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். மேடம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார்.

“அப்ப இந்தப் பொண்ணு?” என்றார்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான்.

“ஹார்ன் அடிச்சுதே. அதுக்கா நான் சிரிச்சேன்?” என்றார் மேடம். குரல் உள்ளே போய்விட்டது. உறையைக் கைப்பையில் போட்டு மூடினார். யாரையும் திட்டவில்லை. “முதல்ல அவளுக்குத் தண்ணி குடுங்க,” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். கார் கேட்டைத் தாண்டும் வரை ஒருவரும் நகரவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், அவனை இல்லை. பார்க்கட்டும்.

அண்ணன் ஒரு பாட்டில் கொண்டு வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகம் செத்துப்போயிருந்தது. “உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஹார்ன் அடிச்சேனேண்ணா. கேக்கலையா?”

கேட்கவில்லை என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நம்புவதற்குக்கூட முயற்சி செய்திருப்பேன்.

“கேட்டுச்சு,” என்றான்.

அவன் நீட்டிய பாட்டிலை நான் வாங்கவில்லை. பசையைக் கூப்பிட்டு, வேறு தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.