முன்கூட்டிச் சொன்ன நன்றி

அந்த வழிபாட்டுக் கூடத்தில் ஒரு வழக்கம். கேட்டது கிடைத்த பிறகு கடவுளுக்கு நன்றி சொல்ல யாராலும் முடியும். கிடைப்பதற்கு முன்பே, கிடைத்துவிட்டது என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும், அதுதான் நம்பிக்கை. வேலை தேடி அலைகிறவன் வேலை கிடைத்துவிட்டது என்பான். காய்ச்சலில் நடுங்குகிறவள் உடம்பு தேறிவிட்டது என்பாள். மற்றவர்கள் கைதட்டுவார்கள். சொன்ன பிறகு பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் கடவுளையே பொய்யராக்கிய பாவம்.

அங்கே போகிற ஒருத்தியின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக்; அவனுக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். பழுது பார்த்த லிஃப்டில் முதலில் தானே ஏறி, உச்சி மாடி வரை போய்த் திரும்பிய பிறகுதான் 'சரியாயிடுச்சு' என்று வாயைத் திறக்கிற ஆள் அவன். ஆனால் கூடத்து விஷயத்தில் அந்த வாயைத் திறக்க அவனுக்கு வழியில்லை. அந்தக் கூடத்தின் பெரிய அற்புதமே அவன்தான்.

அவன் குடித்த குடி கொஞ்சநஞ்சமல்ல. இனித் தொட மாட்டேன் என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. ஒரு நாள் அவள் கூடத்தில் எழுந்து நின்று, "என் வீட்டுக்காரர் குடியை விட்டுட்டார்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்ன அந்த நேரத்தில் அவன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வாந்தியில் கிடந்தான்.

சாயங்காலம் கூடத்து ஆட்கள் வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் கூடத்தை நடத்துகிற டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வெளுத்த பருத்திச் சேலை. நாறிக் கிடந்தவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல முடிவு எடுத்திருக்கேப்பா" என்றார். ஒருத்தராவது சிரித்திருந்தால் இவனும் நாலு கெட்ட வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பான். யாரும் சிரிக்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

மறுநாளிலிருந்து அவன் வேலை முடிந்து வரும்போது கூடத்து ஆள் ஒருவர் கூடவே நடந்து வருவார், சாராயக் கடையைத் தாண்டும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே. அவன் பெண்டாட்டி தையல் வேலைக்குப் போக வேண்டுமே என்று, படுக்கையில் கிடந்த அவன் அம்மாவை டீச்சரே காலையில் வந்து துடைத்து உடுத்திவிட்டார். பெற்ற பிள்ளைகூட முகம் சுளிக்கிற வேலை. இதில் கடவுள் எங்கே வந்தார் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் குடி போய்விட்டது, அது நிஜம்.

பிறகுதான் அவன் பெண்டாட்டியின் மார்பில் கட்டி வந்தது. "சின்னதாத்தான் இருக்கு. இப்பவே எடுத்துட்டா பயமில்லை, தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் அவள் கூடத்தில் எழுந்து நின்றாள்.

"என் கட்டி கரைஞ்சு போச்சு."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பையை எடுத்து வைத்தான். அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

"நன்றி சொல்லிட்டேன். இனிமே கத்தி வெச்சா என்ன அர்த்தம்?"

"ஏம்மா, வேலையே பார்க்காம லிஃப்ட் ஓடுதுன்னு போர்டு மாட்டுவாங்களா? ஏறினவன் கதி என்ன?"

"உங்களுக்கு மட்டும் நான் என்ன வேலை பார்த்தேன்? படிக்கட்டுக்குக் கீழே கிடந்தீங்க. நான் விட்டுட்டார்னு சொன்னேன். விட்டீங்களா இல்லையா?"

அவளுக்கு எதிராகப் பேச உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் தகுதி உண்டு, அவன் ஒருவனைத் தவிர. கெஞ்சினான், சண்டை போட்டான், சாப்பிடாமல் கிடந்தான். அவள் அசையவில்லை. கட்டி மட்டும் வளர்ந்தது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. அவள் நம்பிக்கைக்கு ஆதாரமே தான்தானே? அந்த ஆதாரத்தை உடைத்துவிட்டால்? ஒரு பாட்டில் வாங்கி வந்தான். அவள் தையல் கடையிலிருந்து வரும்போது மூக்குமுட்டக் குடித்துவிட்டு உளற வேண்டும். அவள் அழட்டும், காறித் துப்பட்டும். நம்பிக்கை உடைந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள்.

கிளாஸில் ஊற்றினான். உதடு வரை கொண்டுபோனான். உள்ளறையில் அம்மா இருமினாள். தன்னைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும்; ஒரு கிளாஸோடு எழுந்திருக்கிற ஜென்மம் இல்லை அது. இவளும் படுத்து, தானும் விழுந்துவிட்டால் அந்தக் கிழவிக்கு யார்? எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினான்.

அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். வாடை, காலி பாட்டில், கிளாஸ். முகம் செத்துப்போயிற்று. கிட்டே வந்து அவன் வாயை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பாத்தீங்களா! கையில எடுத்தும் குடிக்க விடலை பாத்தீங்களா! உங்களைக் காப்பாத்துனவர் என்னை விட்டுடுவாரா?"

அதற்குப் பிறகு அவன் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. வலி வந்தபோது அவள் துண்டை வாயில் திணித்துக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. மயங்கி விழுந்த அன்று அவன் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தே?" என்று கத்தினார்.

அவள் காரியமெல்லாம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகும், டீச்சர் வழக்கம்போல் காலையில் வந்தார். வெந்நீர் வைத்தார், துணியை நனைத்தார். உள்ளே போகாமல் நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னு நான் ஒருநாளும் சொல்லலையேப்பா. வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ."

"உங்ககிட்ட எப்படி டீச்சர் சொல்லுவா? நீங்கதானே முதல்ல கை தட்டுனீங்க."

டீச்சர் தன் கைகளைப் பார்த்தார். ஈரத் துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

"இந்தத் துக்கத்துல மறுபடியும் குடியில மட்டும் விழுந்துடாதேப்பா. நீ குடியை விட்டது, அவ சம்பாதிச்சு வெச்சது அது ஒண்ணுதான்."

"இனிமே குடிச்சு என்ன ஆகப்போகுது டீச்சர்? அன்னைக்கு ஒருநாள் குடிச்சிருக்கணும்."

உள்ளேயிருந்து அம்மா, தண்ணீர் ஆறுகிறது என்று குரல் கொடுத்தாள். டீச்சர் போனார். துணி பிழிகிற சத்தமும், "கையைத் தூக்குங்கம்மா, வலிக்குதா?" என்று பதமாகக் கேட்கிற குரலும் வந்தன. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லத்தான் அவன் காலையிலிருந்து காத்திருந்தான். சொல்லவில்லை. எழுந்து, டீச்சருக்குக் கை துடைக்க உலர்ந்த துண்டு ஒன்றைத் தேடினான்.