தலைக்கட்டு வரி

மனோஜ் புது இஞ்சின் வாங்கி வந்த அன்று சங்குமேட்டுக்குப்பத்தில் பாதி ஊர் கரைக்கு வந்துவிட்டது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து அதை வேனிலிருந்து இறக்கினார்கள். ஒரு பக்கம் மனோஜ் பிடித்தான், மறுபக்கம் கவியரசன். கனமெல்லாம் தன் பக்கமே சாய்வதுபோலக் கவியரசனுக்கு இருந்தது. படகின் பின்பலகையில் இஞ்சினைப் பொருத்தி முடுக்கிக் கொடுத்ததும் அவன்தான். ஆனால் எல்லாரும் தட்டிக்கொடுத்தது மனோஜின் தோளை. கவியரசன் கையிலிருந்த கிரீஸை மணலில் தேய்த்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றான்.

இருவருக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சேர்ந்தே படிப்பை விட்டு, சேர்ந்தே ஒருவர் படகில் கூலிக்கு ஏறினார்கள். ஒருவன் சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போனதும் உண்டு. இப்போது மனோஜ் படகுக்காரன். கவியரசன் அந்தப் படகில் பங்குக்குப் போகிறவன். இந்த வித்தியாசம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் கவியரசன் யோசிக்கவே மாட்டான். கல்யாணத் தேதியில் என்பான்.

கொரோனா வந்த வருஷம் மாசியில் மனோஜுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறியவன் கவியரசன். அவனுக்குப் பங்குனியில் வைத்திருந்தது. சுண்ணாம்புக்குளத்துப் பெண், நந்தினி. பத்திரிகை அடித்து, பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்து, ஊரெல்லாம் பாக்கு வைத்தாகிவிட்டது. அந்த வாரத்தில் ஊரடங்கு போட்டார்கள். கல்யாணம் நின்றது.

அந்த நாட்களில் குப்பம் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. படகுகள் கரையேறிக் கிடந்தன. ஊரை ஒட்டிய உப்பேரியில் இறால் இருந்தது, வாங்க வரும் வண்டிகள் இல்லை. ரேஷன் கார்டுக்கு அரசாங்கம் கொடுத்த அரிசியும் பணமும் எந்த மூலைக்கும் போதவில்லை. கடைசியில் ஊர் நிர்வாகம் கூடிப் பேசி, சென்னையில் இருந்த ஓர் இறால் வியாபாரியிடம் ஊர் பேரில் பெரிய தொகையாகக் கடன் வாங்கியது. தலைக்கட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் பதினைந்தாயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். ஊர்க் கணக்கில் அவன் தனிக் குடும்பம். மனோஜ் தலைக்கட்டாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவனுக்குக் கிடைத்தது. கவியரசன் இன்னும் நைனா வீட்டுப் பிள்ளை. அவனுக்கு இல்லை.

மனோஜ் அந்தப் பணத்தைச் சாப்பிடவில்லை. பக்கத்துக் குப்பத்தில் ஒருவர் வேறு வழியில்லாமல் தன் ஃபைபர் படகை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். மனோஜ் ஓடிப்போய் முன்பணம் கொடுத்து மடக்கினான். ஊரடங்கு தளர்ந்தபோது, பல நாளாக வலை படாத தண்ணீரில் இறால் கொட்டியது. அந்த ஒரு பருவத்திலேயே படகின் மீதிப் பணத்தை அடைத்துவிட்டான்.

கவியரசன் கல்யாணம் அடுத்த வருஷம் நடந்தது. மருதாணி கலையும் முன்பே, புதுத் தலைக்கட்டு என்று, அந்தக் கடனை அடைக்கும் ஊர் வரி கேட்டு ஆள் வந்தது. வாங்காத பணத்துக்கு மாதாமாதம் கட்ட ஆரம்பித்தான். கட்டாதவனை ஏரியில் வலை போட ஊர் விடாது. புயலடித்த வருஷம் யாராலும் கட்ட முடியாமல் வட்டி ஏறி முதலோடு சேர்ந்தது. ஐந்து வருஷம் ஆகியும் கடன் பாதிகூடக் குறையவில்லை.

இஞ்சின் வந்த அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மீன் கொழம்பு நல்லால்லியா?" என்றாள் நந்தினி.

"அவனுக்குப் படகு, இப்போ புது இஞ்சின். எனக்கு இன்னா? அவன் வாங்கின துட்டுக்கு நான் வரி கட்டிகினு, அவன் படகுலயே வலை இழுத்துகினு கீறேன்."

"அவரு இன்னாய்யா பண்ணுவாரு? ஊரு குட்த்திச்சி, வாங்கினாரு."

"நீ அவனுக்குப் பரிஞ்சினு வராத."

நந்தினி தட்டை எடுத்துத் திரும்ப அவன் முன்னால் வைத்தாள். "எங்கிட்ட கத்தி இன்னா ஆவப் போவுது? உன்ன மாதிரி அப்பால கல்யாணம் பண்ணவங்க எத்தினி பேரு கீறாங்க. கூட்டத்துல போய்க் கேளு."

அது அவனுக்குப் பிடித்துப் போயிற்று. ஊரடங்குக்குப் பிறகு கல்யாணமானவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினான். எல்லாருக்கும் அதே எரிச்சல்தான். நீ எழுந்து பேசு, நாங்கள் பின்னால் நிற்கிறோம் என்றார்கள். பேச வேண்டிய நியாயத்தைப் படகில் போகும்போதெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பேச்சு மனோஜின் முகம் சுருங்கிப் போவதில்தான் வந்து முடிந்தது. அந்த இடம் வந்ததும் அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் யாரும் படகை இறக்கக் கூடாது. அப்படி ஒரு நாளில் மீன் ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நிர்வாகத் தலைவர் கங்காதரன் வரவு செலவைச் சொல்லி முடித்ததும் கவியரசன் எழுந்தான்.

"கொரோனாவுல ஊரு கடன் வாங்கிச்சி. தலைக்கட்டுக்குக் குட்த்தாங்க. சரி. நாங்கல்லாம் அப்போ தலைக்கட்டு இல்ல. எங்க கையில ஒத்த ரூபா வர்ல. அந்தத் துட்ட வச்சி மேல வந்தவங்களும் கீறாங்க. அவங்க கட்றதும் அதே வரி, நாங்க கட்றதும் அதே வரி. வாங்கினவங்க கட்டட்டும். எங்கள வுட்ருங்க."

பின்னால் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். கங்காதரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கவி, அரசாங்கமும் அன்னிக்குக் கடன் வாங்கித்தான் எல்லாருக்கும் குட்த்திச்சி. அப்போ பொறக்காத புள்ளைங்க நாளைக்குத் தீப்பெட்டி வாங்கினாலும் அதுக்கும் சேர்த்துத்தான் வரி கட்டும். நான் வாங்கலன்னு எந்தக் கடையில போய்ச் சொல்லுவ? ஊருன்னா அப்படித்தான்."

"அரசாங்கத்தை நான் கேக்க முடியாது. உங்கள கேக்க முடியும்," என்றான் கவியரசன். சிலர் சிரித்தார்கள்.

அப்போதுதான் மனோஜ் எழுந்தான். முகம் சுருங்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தான்.

"அவன் சொல்றது நியாயந்தான். அந்தத் துட்டு இல்லன்னா எனக்குப் படகு ஏது? கவி பங்க இனிமே நான் கட்டிர்றேன். கடன் தீர்ற வரைக்கும்."

கொட்டகையில் நல்ல பேச்சு எழுந்தது. பெரிய மனசு என்று யாரோ சொன்னது கவியரசன் காதில் விழுந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எத்தனை நாளாகக் கேட்க நினைத்தானோ அது கையில் வந்து விழுந்திருக்கிறது. ஆனால் கொடுத்தவன் மனோஜ். வரி குறைய வேண்டும் என்பதைவிட, மனோஜ் ஒரு படி இறங்க வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று அந்த நிமிஷத்தில் அவனுக்கே தெரிந்தது. மனோஜோ இன்னும் ஒரு படி ஏறி நின்றான்.

"உன் பிச்சை யாருக்குடா வேணும்?" என்றான். "ஊரு துட்டுல படகு வாங்கிகினு, இப்போ ஊரு முன்னாடி தர்மம் பண்றியா?"

கவியரசன் பின்னால் நின்றவர்களுக்கே அது பிடிக்கவில்லை. முரளி என்பவன், "அவன் உனுக்கு மட்டும் கட்றேன்னா எங்களுக்கு இன்னா ஆச்சி? நீ எங்களுக்காகப் பேச வந்தியா, அவங்கூட சண்டை போட வந்தியா?" என்று கேட்டான்.

கூட்டத்தின் ஓரத்தில் வலை முடிச்சுப் போட்டபடி உட்கார்ந்திருந்தார் கவியரசனின் அப்பா செங்கல்வராயன். கூட்டங்களில் பேசி அவருக்குப் பழக்கம் கிடையாது. கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"கவி, போதும் உக்காரு. நானும் தலைக்கட்டுதான். எனக்கும் பதினஞ்சாயிரம் குட்த்தாங்க."

"அது உன் செலவு நைனா. அம்மாவுக்கு மருந்து, பழைய பாக்கி. எனக்கு இன்னா வந்துச்சி?"

"மருந்துக்கு உங்க மாமா குட்த்தாரு. ஊரு குட்த்த துட்ட நான் தொடல. கல்யாணம் நின்னு போச்சி, பொண்ணு வூட்ல வேற எடம் பாத்துருவாங்களோன்னு பயம். தட்டார் வூட்டுக்குப் போயி தாலிக்கு அதத்தான் குட்த்துட்டு வந்தேன். அந்தத் தாலிய எடுத்துப்போய்க் காட்டித்தான் உன் மாமனார ஒரு வருஷம் நிறுத்தி வச்சேன். நந்தினி கழுத்துல கீறது அந்தத் துட்டுதான்."

கவியரசன் நின்றபடியே இருந்தான். அந்த ஒரு வருஷம் பெண் வீட்டார் காத்திருந்ததைத் தன் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தான். அவன் தலைக்கட்டானதே ஊர்க் கடனில்தான் என்று இப்போது ஊர் முன்னால் ஆகிவிட்டது. அவன் உட்கார்ந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே அவனைக் கூசவைத்தது.

கங்காதரன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். வியாபாரியிடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். கடனை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டினால் மாத வரி பாதியாகக் குறையும். மொத்த வட்டி அதிகமாகும்; அதுவரை ஊர் இறால் முழுவதும் அவருக்கே போக வேண்டும். இனிமேல் தலைக்கட்டு ஆகிறவர்களும் சேர்ந்து கட்டுவார்கள். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம்.

இன்று குறைகிறது என்றால் யாருக்குக் கசக்கும்? ஒவ்வொரு கையாக மேலே வந்தது. வாங்காதவன் கட்டக் கூடாது என்று சற்று முன் பேசிய வாய் கவியரசனுடையது. அந்தத் தீர்மானம் இன்னும் வராதவர்கள் தலையில்தான் போய் விழுகிறது என்பது அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் பாதி வரி என்பது பாதி வரி. அவனும் தூக்கினான்.

கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகும் வழியில் பின்னாலிருந்து யாரோ, "அண்ணே" என்றார்கள். மனோஜின் தம்பி சுபாஷ். அண்ணன் படகில்தான் அவனும் வேலை செய்கிறான். வருகிற தையில் அவனுக்குக் கல்யாணம்.

"கொரோனா அப்போ நான் ப்ளஸ் டூ படிச்சினு இருந்தேண்ணே. நான் இன்னா வாங்கினேன்? மாசியிலேர்ந்து நானும் கட்டணுமாம். நீ நியாயம் பேசினன்னுதான் உன் பின்னாடி வந்து நின்னேன். கடைசியில நீயே கை தூக்கிட்ட."

"உங்க வூட்டுக்கு வந்த அரிசியில நீயும் சோறு தின்ன இல்ல?"

"தின்னேன். அந்தச் சோத்துக்கு நான் பத்து வருஷம் கட்டணும். எங்க அண்ணனுக்கு படகு. எனக்கு இன்னா?"

கவியரசன் நின்று அவன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் என்று சொல்லும்போது சுபாஷின் உதடு லேசாகக் கோணியது. இத்தனை வருஷம் தன் முகத்தில் இருந்தது எப்படி இருந்திருக்கும் என்று கவியரசனுக்கு அப்போது தெரிந்தது. பரிதாபப்பட்டிருக்க வேண்டும். அவன் படவில்லை. மனோஜுக்கு இனிமேல் தன் வீட்டிலேயே இப்படி ஒரு முகம் என்ற நினைப்பு, அன்று காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த நெஞ்சில் தண்ணீர் தெளித்ததுபோல் இறங்கியது.

"அத உங்க அண்ணன்கிட்ட கேளு," என்றான். "ஊரு முன்னாடி எனக்குக் கட்றேன்னு எழுந்தான் இல்ல? கூடப் பொறந்தவனுக்குக் கட்ட மாட்டானா?"

சுபாஷ் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்துவிட்டு, சட்டென்று திரும்பிப் போனான்.

வீட்டில் நந்தினிக்குக் கூட்டத்தில் நடந்தது எல்லாம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அவள் தாலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பத்து வருஷத்துல திரும்பப் புயலடிச்சா இன்னா பண்ணுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மறுபடி நீட்டுவாங்க," என்றான்.

மறுநாள் விடிந்ததும் கவியரசன் வழக்கம்போலக் கரைக்குப் போனான். போகாமல் என்ன செய்வது? மனோஜ் படகருகே தனியாக நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. சுபாஷ் வரவில்லை. விடியும் முன்பே முரளியின் படகில் ஏறிப் போய்விட்டதாகவும், தையில் தனிக்குடித்தனம் என்று வீட்டில் சொல்லிவிட்டதாகவும் மனோஜ் சொன்னான்.

"நல்லாத்தான்டா இருந்தான். கூட்டம் முடிஞ்சி வந்தான், திடீர்னு எங்கிட்ட கணக்கு கேக்கறான்." கவியரசன் முகத்தை நேராகப் பார்த்தான். "நீ எதுனா சொன்னியா மச்சான்?"

"நான் இன்னா சொல்லப் போறேன்?" என்றான் கவியரசன். குனிந்து படகின் விளிம்பில் தோளைக் கொடுத்தான். "தள்ளு, வெயில் ஏறிடும்."

இரண்டு பேர் தள்ளுவதற்குப் படகு கனமாக இருந்தது. வெகுநேரம் மூச்சு வாங்கித் தள்ளித்தான் தண்ணீருக்குக் கொண்டு போனார்கள்.