மடிக்கொடியின் கீழ் ஒரு காகித ரோஜா

சென்ற ஆண்டுக் கோடையில் சொல்லாமல் கொள்ளாமல் பெய்த ஒரு மழை, சூடாமணி மொட்டை மாடியில் பிழிந்து வைத்திருந்த வடாம் முழுவதையும் மறுபடி கூழாக்கிவிட்டது. இந்த ஆண்டோ மகள் ஜானுவுக்கு வைகாசியில் கல்யாணம். சம்பந்தி வீட்டுச் சீருக்கு டின் நிறைய வடாம் வேண்டும். கடையில் வாங்கி வைத்தால் மயிலாப்பூரே சிரிக்கும்.

ஆகவே அவளுடைய கணவர் சுப்பராமன் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார். மாலைச் சொற்பொழிவு ஒன்றில் கண்டபடியே, கோபால்ட் என்னும் உலோகத்தின் உப்பை நீரில் கரைத்து, மெல்லிய காகிதத்தை அதில் தோய்த்து, ஒரு ரோஜா செய்தார். காற்றழுத்தம் மிகுந்து வானம் தெளிந்திருக்குமாயின் மலர் நீலமாகும். அழுத்தம் தாழ்ந்து மழை நெருங்குமாயின் சிவக்கும் என்பது அவர் விளக்கம். அதை யார் கையும் படாத இடமாகத் தேடி, கொல்லைத் தாழ்வாரத்தில் மடிக்கொடியின் கீழே மாட்டினார். மறுநாள் சமையலுக்கு உடுத்த வேண்டிய புடவையைச் சூடாமணி விடியற்காலையில் நனைத்து, கோலால் உயர்த்தி உலர்த்தும் கொடி அது. பிறர் பட்டால் மடி, அதாவது ஆசாரச் சுத்தம், கெடும் என்று வீட்டார் எவரும் அப்பக்கம் ஒதுங்குவதில்லை.

மறுநாள் காலை ரோஜா சிவந்திருந்தது.

"சூடா, கூழ் கிளறாதே! மழை வரப் போறது."

"வானத்துல பஞ்சளவு மேகம்கூட இல்லையேன்னா!"

"அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் இறங்கிண்டிருக்கு."

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்த நாளும் ரோஜா சிவந்தது. அன்றும் வெயில் மண்டையைப் பிளந்தது. அரைத்த மாவெல்லாம் புளித்துத் தோசையாயிற்று. மூன்று வேளையும் தோசை தின்ற ஜானு, கல்யாணமே வேண்டாம் என்றாள்.

அடுத்த வீட்டுக் கோமளம் சுவருக்கு மேலே தலை நீட்டினாள். "ஏண்டி சூடாமணி, ஊரெல்லாம் வெயில், உங்காத்துல மட்டும் மழையாமே! குடை பிடிச்சுண்டா சமைக்கறே?"

சூடாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள் காலை குளித்து, புடவையைக் கொடியில் ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கும் உங்க பூ சிவந்தா, அதையே பொரிச்சு சம்பந்திக்குப் பரிமாறிடுவேன்."

சுப்பராமன் குனிந்து ஆராய்ந்தார். சிவப்பே. அக்கணம் அவருடைய வழுக்கையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"மழை! நான் சொன்னேனோல்லியோ!"

வெற்றியுடன் நிமிர்ந்தார். இரண்டாவது துளி மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. தலைக்கு மேலே ஒன்பது கஜம் ஈரப் புடவை தொங்கிக்கொண்டிருந்தது.

சூடாமணி தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பில் தோள் குலுங்கியது.

"நான் அளந்தது காற்றோட அழுத்தத்தை இல்லேடி. உன் புடவையோட ஈரத்தை!"

ரோஜா மாடிக்கு ஏறியது. வெயில் பட்டதும் மயில் கழுத்து நீலமாயிற்று. அவரே வேட்டியை விரித்தார், அவள் பிழிந்தாள், ஜானு காக்காய் விரட்டினாள். இரண்டாம் நாள் பிற்பகலில் கடற்காற்று வீச, ரோஜா மெல்ல வெளுத்துச் சிவக்கத் தொடங்கியது. இம்முறை அவர் சட்டம் பேசவில்லை. ஒரு வடாமை எடுத்து ஒடித்தார். படக்கென்று முறிந்தது.

"ஈரக் காத்து வந்துடுத்து. மிச்சத்தை உள்ளே எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"இப்பச் சொன்னேளே, இது விஞ்ஞானம்!" என்றாள் சூடாமணி.

டின்கள் நிறைந்தன. மூடியை அழுத்திவிட்டு அவள் குரல் கொடுத்தாள்: "கோமளம், எங்காத்து மழையில காஞ்ச வடாம், ரெண்டு பொரிச்சுப் பாக்கறயா?"