சம்பந்தியோடு ஒரே சஹன்

அஜீசுன்னிசாவுக்கு வயசாகிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் அவளேதான். வேறு யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பாடுபட்டவளும் அவளே. ஊசியில் நூல் கோர்க்கக் கையை எட்ட நீட்ட வேண்டியிருந்தது. யாரும் பார்க்கவில்லை. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கும்போது ஃபோனைப் பார்ப்பதுபோல் சமாளித்தாள். ஆனால் தரையிலிருந்து எழுவதை எப்படி ஒளிப்பது? முதலில் ஒரு கை ஊன்றினாள். பிறகு இரண்டு கை. இந்த ரமலானுக்கு அப்புறம் கட்டில் காலையும் பிடிக்க வேண்டியதாயிற்று. அதை மகள் ரிஃபானா பார்த்துத் தொலைத்தாள்.

"உம்மா, என் நிக்காஹ் அன்னைக்கு மண்டபத்துல உங்களுக்கும் வரப்போற மாமிக்கும் டேபிள் போடச் சொல்லலாம்னு இருக்கேன்."

"யாரக் கேட்டு?"

"உங்க முட்டியக் கேட்டுத்தான்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர்கள் குடும்பத்தில் பெண்ணைப் பெற்றவளும் மாப்பிள்ளையைப் பெற்றவளும் நிக்காஹ் விருந்தில் ஒரே சஹனில் சாப்பிட வேண்டும். நடுவில் பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு, சுற்றித் தரையில் நாலு பேர். முதல் கறித்துண்டை எடுத்துச் சம்பந்தி பக்கம் வைப்பது பெண்ணைப் பெற்றவளின் உரிமை. இருபத்தைந்து வருஷம் காத்திருந்த உரிமையை மேஜைக்கு விட்டுக்கொடுப்பாளா அவள்?

"தரையிலதான் உக்காருவேன். யாரும் தூக்கி விடாம எந்திரிப்பேன். மாப்பிள்ளை வீட்டுப் பட்டினத்துக்காரங்க பாக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். முதல் நாள் மூன்று தடவைக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது, பாதி வலி, பாதி பயம். விட்டாளா? ஒரு மாதத்தில் பத்து தடவைக்கு வந்தாள், ஒரே ஒரு கை ஊன்றி.

நிக்காஹ் அன்று திருமலைராயன்பட்டினத்துச் சம்பந்தி மைமூன் நாச்சியா எதிரே உட்கார்ந்தார். அவளைவிட நாலு வயது மூத்தவர். அஜீசுன்னிசா கறித்துண்டை எடுத்து வைத்தாள். மனசு நிறைந்துவிட்டது. பேசிப் பேசிச் சாப்பிட்டு, கூட உட்கார்ந்த இருவரும் கை கழுவப் போனார்கள். அப்போதுதான் உறைத்தது. அறையில் பழகியபோது உட்கார்ந்த கையோடு எழுந்துவிடுவாள். இங்கே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இடுப்புக்குக் கீழே கால் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

அவள் தாம்பாளத்து ஓரத்தில் பருக்கை பொறுக்கினாள். சம்பந்தியோ கறியே இல்லாத எலும்பை விடாமல் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லவா, சம்பந்தி?"

மைமூன் நாச்சியா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சோறு வேணாங்க. எனக்கு எந்திரிக்க முடியல. டேபிள் போடலாம்னு உங்க மக என்கிட்டயும் கேட்டுச்சு. நீங்க தரையிலதான் உக்காருறீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கும் ரோசம் வந்துடுச்சு."

அஜீசுன்னிசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் தூக்கிவிட இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். வேண்டாம் என்று தலையாட்டி அவர்களை நிறுத்தினாள்.

"என் கையப் புடிங்க. நான் உங்களப் புடிச்சுக்கிறேன்."

"சோத்துக் கைங்க."

"ரெண்டுலயும் ஒரே சோறுதானே. பிஸ்மி சொல்லுங்க."

முதல் தடவை நெய் வழுக்கி இரண்டு பேரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். மண்டபமே பார்த்தது. பார்க்கட்டும். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி எம்பினார்கள். எழுந்தே விட்டார்கள்.

"வர்ற வெள்ளி வலிமா விருந்து எங்க வீட்டுல," என்றார் மைமூன் நாச்சியா, மூச்சு வாங்க. "டேபிள் போடச் சொல்லவா?"

"தரையிலயே போடுங்க. எந்திரிக்கத்தான் நீங்க இருக்கீங்களே."