ஆங்கிலம் தெரியாத ஒரே ஆள்

இந்தக் காலத்தில் ஆளின் முகத்தைப் பார்த்து எவனும் பேசுவதில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்துத்தான் பேசுகிறான். குழாய்க்காரருக்கு அட்டை கிடையாது. ஆனாலும் ஆங்கில ஆசிரியர்கள் மாநாட்டின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நாலாவது பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மகளையும் அவளுடைய பட அட்டைகளையும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கியவர், அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. மடியில் கருவிப் பை. அதை வண்டியில் விட்டுவிட்டு வர யாரை நம்புவது?

மகள் ஆங்கில டீச்சர். இன்று மேடையில் இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதுவும் அறவே ஆங்கிலம் தெரியாதவருக்கு, ஒரு சொல்கூடத் தமிழ் கலக்காமல். மார்க் போட முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி மேடத்துக்குப் பிடித்துவிட்டால், மூன்று வருடமாகக் கைநழுவிப் போகும் பயிற்றுநர் வேலை அவளுக்கு.

எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த சங்கத்துக்காரர்கள் ஒன்றை மட்டும் மறந்துபோனார்கள். இருநூறு ஆங்கில ஆசிரியர்கள் கூடிய மண்டபத்தில் ஆங்கிலம் தெரியாத ஆளுக்கு எங்கே போவது? "நாங்களே தெரியாத மாதிரி இருக்கோம்" என்று ஆறு பேர் மேடையேறினார்கள். நடிப்பா அது! அவள் படத்தைத் தூக்குவதற்குள் பதில் வந்து விழுந்தது. ஒருத்தர் அவள் உச்சரிப்பையே திருத்தினார்.

கண்ணாடி மேடம் பேனாவை மூடினார். "இது பாடம் இல்லம்மா, நாடகம். நிஜமாவே தெரியாதவங்க ஒருத்தராவது இருந்தாத்தான் நான் மார்க் போட முடியும்."

மகளின் முகம் சுண்டிப்போனது. அவள் பார்வை வரிசை வரிசையாகத் தாவி வந்து பிஸ்கட்டில் நின்றது.

"அப்பா, மேல வாங்க."

"நானா? போம்மா, வேற ஆளைப் பாரு."

"வேற ஆளே இல்லப்பா. இந்த ஹால்லயே உங்க ஒருத்தருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாது."

மண்டபமே திரும்பி அவரை ஆசையாகப் பார்த்தது. தெரியாததற்காக அவரை யாரும் அப்படிப் பார்த்ததே இல்லை. பையும் கையுமாக மேடையேறினார்.

மேசைக்கு அடியில் பூனை, பெட்டிக்குப் பின்னால் பூனை என்று படம் படமாகக் காட்டினாள். புரிகிறதா என்று சைகை செய்தாள்.

"புரியலை." அடுத்த படம். "இதுவும் புரியலை. பூனை எங்க இருந்தா எனக்கென்ன?"

மண்டபம் சிரித்தது. அதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது.

அவள் படங்களைக் கீழே வைத்தாள். சட்டென்று அவர் பைக்குள் கைவிட்டு ஸ்பேனரை உருவினாள். முப்பது வருடமாகச் சொந்த மச்சானுக்கே இரவல் கொடுக்காத ஸ்பேனர்!

"ஏய், அதை எதுக்கு..."

அவள் உதட்டில் விரலை வைத்தாள். ஸ்பேனரை மேசைக்கு அடியில் வைத்து "அண்டர்" என்றாள். இரண்டு நாற்காலிக்கு நடுவில் வைத்து "பிட்வீன்". கீழே இறங்கி, மேடத்தின் கைப்பைக்குப் பின்னால் வைத்து "பிஹைண்ட்". குழாய்க்காரரின் கண் ஸ்பேனரைவிட்டு இம்மியும் நகரவில்லை. வாய் தன்னால் முணுமுணுத்தது.

மறுபடி அதை ஒவ்வோர் இடமாக வைத்து, "வேர்?" என்று, எங்கே என்பதுபோல் கையை விரித்தாள். சொன்னால்தான் சாமான் திரும்பும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"அண்டர்!" கொடுத்தாள், உடனே பிடுங்கினாள். "பிட்வீன்!" மறுபடி பிடுங்கினாள்.

இந்தத் தடவை மேடம் எழுந்து அதை வாங்கி, தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மகள் சொல்லிக் காட்டாத இடம்.

குழாய்க்காரர் துள்ளிக் குதித்தார். "பிஹைண்ட்! பிஹைண்ட் மேடம்! கொடுங்கம்மா இப்படி!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மேடம் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து நீதாம்மா பயிற்சி குடுக்கணும்."

மகள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் ஒரு கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மறு கையை ஸ்பேனருக்காக நீட்டியபடியே இருந்தார்.

சங்கத் தலைவர் ஓர் அட்டையோடு வந்து அவர் கழுத்தில் மாட்டப் போனார்.

"வேணாங்க. ஒரு ஸ்பேனரை ஒளிச்சு வச்சுக் கண்டுபிடிக்க இருநூறு பேர் லீவு போட்டு வந்திருக்கீங்க. இது ஒரு படிப்பு!"

கருவிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பையை மூடினார்.

"வண்டி எங்கப்பா நிக்குது?" என்றாள் மகள்.

"அண்டர் மரம்" என்று சொல்லிவிட்டு, தலையை ஆட்டி முனகிக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார்.